இங்கிலீஷ் டீச்சர் கிளாஸ்ல என்னதான் பண்றாங்க: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு விளக்கம்

நல்லா இங்கிலீஷ் பேசற ஒருத்தரைப் பாத்தா உடனே நாம கேக்கற கேள்வி, "நீங்க ஏன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கக்கூடாது?" அப்படின்னுதான். அவங்களும் சரி எடுத்துப் பாக்கலாமேன்னு இறங்குவாங்க, முதல் வாரத்துலயே ஒரு ஸ்டூடன்ட் எழுந்து "ஐ லாஸ்ட் மை கீ-னு சொல்றதுக்கும் ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ-னு சொல்றதுக்கும் என்ன வித்தியாசம்"னு கேட்டா அப்படியே நின்னுடுவாங்க. ரெண்டையும் சரியான இடத்துல அவங்க வாழ்க்கை முழுக்க பேசியிருப்பாங்க, ஆனா ஏன்னு யோசிச்சதே இல்ல. "அது சிம்பிள் பாஸ்ட், இது பிரசன்ட் பெர்ஃபெக்ட்"னு பேரைச் சொல்லிட்டா பதில் ஆயிடாது, கேட்ட பையனுக்கு அதுல ஒண்ணும் விளங்காது.

இதே கேள்விக்கு தயாரா இருக்கற டீச்சர் மனசுல என்ன ஓடும்னு பாருங்க. "ஐ ஹேவ் லாஸ்ட்"னா சாவி இன்னும் கிடைக்கல, அதனால இப்ப நான் வீட்டுக்குள்ள போக முடியாம நிக்கறேன், அதாவது பேச்சு இப்போதைய நிலைமையைப் பத்தி. "ஐ லாஸ்ட்"னா முடிஞ்சுபோன ஒரு சம்பவத்தை சொல்றேன், அப்புறம் சாவி கிடைச்சும் இருக்கலாம். "யெஸ்டர்டே"ன்னு நேரத்தை சேத்தா "ஐ லாஸ்ட்"தான் ஏத்துக்கும், "ஐ ஹேவ் லாஸ்ட்" ஏத்துக்காது. இதுக்கு மேல இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கணும், பிரிட்டிஷ்காரங்க பிரசன்ட் பெர்ஃபெக்ட் போடற பல இடத்துல அமெரிக்கர்கள் சிம்பிள் பாஸ்ட்டே பேசிடுவாங்க, அதனால ஒரு ஸ்டூடன்ட் அமெரிக்க சீரியல் பாத்துட்டு வந்து அப்படி எழுதினா சிவப்பு மையால அடிக்கக் கூடாது. ஒரே ஒரு வாக்கியத்துக்கு இவ்ளோ தெரிஞ்சிருக்கணும், அதோட இதையெல்லாம் ஒரே மூச்சுல கொட்டாம, எதிர்ல இருக்கற ஸ்டூடன்ட்டோட லெவலுக்கு எது வேணுமோ அதை மட்டும் எடுத்துக் கொடுக்கவும் தெரியணும்.

இந்த ரெண்டாவது விஷயத்துக்கு கல்வித்துறையில ஒரு பேர் இருக்கு, பெடகாஜிகல் கன்டென்ட் நாலெட்ஜ். 1986ல லீ ஷுல்மன்ங்கற அமெரிக்க கல்வி அறிஞர் முன்வெச்ச கருத்து இது. பாடம் தெரியறது ஒரு அறிவு, பொதுவா கிளாஸ் நடத்தத் தெரியறது இன்னொரு அறிவு, இந்தப் பாடத்தை இந்த ஸ்டூடன்ட்டுக்கு எப்படி புரிய வெக்கறது, எந்த இடத்துல அவன் தடுக்கி விழுவான், எந்த உதாரணம் எடுபடும்னு தெரியறது மூணாவது அறிவு. எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படறது அந்த மூணாவதுதான், ஏன்னா முதல் ரெண்டும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் இருக்கும், மூணாவது டீச்சிங் வேலைக்குள்ள இறங்கி யோசிச்சவங்ககிட்டதான் இருக்கும்.

சரி, மொழி அறிவுன்னா என்னென்ன? கிராமர் எல்லாரும் சொல்றது, அதைத் தாண்டி வொக்காபுலரியும் ப்ரோனன்சியேஷனும் இருக்கு. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லிட்டா அந்த வார்த்தையை சொல்லிக் கொடுத்தாச்சுன்னு நினைக்கறது ரொம்ப சாதாரணமா நடக்கற விஷயம். ஆனா அந்த வார்த்தை யாரோட சேரும், யாரோட சேராதுன்னு தெரியாம அதை வெச்சுப் பேச முடியாது. மழைன்னா "ஹெவி ரெயின்", காத்துன்னா "ஸ்ட்ராங் விண்ட்". மிஸ்டேக்கை "மேக்" பண்ணுவாங்க, ஹோம்வொர்க்கை "டூ" பண்ணுவாங்க. இதுக்கெல்லாம் லாஜிக் தேடினா கிடைக்காது, ஜோடியாவே அறிமுகப்படுத்தி ஜோடியாவே பழக்கணும், இதை கோலொகேஷன்னு சொல்வாங்க.

ப்ரோனன்சியேஷன் இன்னும் கவனிக்கப்படாத பகுதி. இங்கிலீஷ்ல 26 எழுத்து, ஆனா பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் உச்சரிப்புல சத்தங்கள் சுமார் 44. அதனால எழுத்தை மட்டும் பாத்து படிச்சா நிறைய வார்த்தை தப்பாதான் வரும். அதோட ஸ்ட்ரெஸ், அதாவது வார்த்தையில எந்த இடத்துல அழுத்தம் விழுதுங்கறது. ஃபோட்டோகிராஃப்னு சொல்லும்போது அழுத்தம் முதல் அசையில, ஃபோட்டோகிராஃபர்னா ரெண்டாவதுல, ஃபோட்டோகிராஃபிக்னா மூணாவதுல. அழுத்தம் விழாத அசைகள்ல வவல் தேஞ்சு போய் ஒரு மெலிசான சத்தமா மாறிடும், அதுக்கு பேர் ஷ்வா, இங்கிலீஷ்ல அதிகமா வர்ற வவல் சத்தமே அதுதான். லிசனிங்ல ஸ்டூடன்ட்ஸ் "ரொம்ப வேகமா பேசறாங்க, ஒண்ணும் புரியல"ன்னு சொல்றதுல நிறைய நேரம் வேகம் மட்டும் பிரச்சனையா இருக்காது, இந்த தேஞ்ச சத்தங்களை அவங்க காது எதிர்பாக்காம இருக்கறதும் காரணமா இருக்கும். இது தெரிஞ்ச டீச்சர் ஆடியோவை வெறுமனே திரும்பத் திரும்ப ஓட்ட மாட்டாங்க, அந்த ஒரு வாக்கியத்தை நிறுத்தி, எது அழுத்தமா கேக்குது, எது கரைஞ்சு போகுதுன்னு போர்டுல காட்டுவாங்க.

அடுத்தது கத்துக்கறவங்களைப் பத்தின அறிவு. தப்புகளை எப்படிப் பாக்கறதுன்னு இங்கதான் ஒரு டீச்சரோட பார்வையே மாறும். 1967ல பிட் கார்டர்ங்கற மொழியியலாளர் மிஸ்டேக்கையும் எர்ரரையும் பிரிச்சுக் காட்டினார். தெரிஞ்சும் அவசரத்துலயோ களைப்புலயோ நழுவறது மிஸ்டேக், அது யாருக்கும் வரும், சுட்டிக் காட்டினா ஸ்டூடன்ட்டே திருத்திக்குவாங்க. அந்த விதி மனசுல இன்னும் உருவாகாததால வர்றது எர்ரர். எர்ரரைப் பாத்தா டீச்சர் கோவப்பட ஒண்ணுமே இல்ல, ஸ்டூடன்ட் இப்ப எந்தக் கட்டத்துல இருக்காங்கன்னு அது காட்டிக் கொடுக்குது. உதாரணத்துக்கு "ஷி கோ"ன்னு சொல்லாம "ஷி கோஸ்"னு சொல்லணும், அந்தக் கடைசி "ஸ்" இருக்கே, விதி ரொம்ப சிம்பிள், முதல் மாசத்துலயே சொல்லிக் கொடுத்துடறோம், ஆனா பேச்சுல அது தானா வர்றது ரொம்ப லேட்டாதான். வேற வேற தாய்மொழிக்காரங்களை வெச்சு 1970கள்ல நடந்த ஆராய்ச்சிகள்லயும் இதே கதைதான், "கோயிங்"ல வர்ற "இங்" சீக்கிரம் வந்துடுது, இந்த "ஸ்" கடைசியில வருது. இது தெரிஞ்சா "பத்து தடவை சொல்லியாச்சு, இன்னும் வரலையே"ன்னு பிள்ளைங்களைத் திட்டற டீச்சர் நிச்சயம் கொஞ்சம் நிதானமாவாங்க.

தாய்மொழியும் இதுல சேரும். பின் அப்படிங்கற வார்த்தையை தமிழ்ல எழுதினா அது குண்டூசியா குப்பைத்தொட்டியான்னு எழுத்து சொல்லாது, ஏன்னா அந்த ரெண்டு சத்தத்துக்கும் நம்மகிட்ட ஒரே எழுத்துதான். அரபி பேசறவங்களுக்கு குண்டூசி "பின்"ல வர்ற "ப" (p) சத்தமே அவங்க மொழியில இல்ல, ஜப்பானியர்களுக்கு "ர", "ல" ரெண்டையும் பிரிக்கறது கஷ்டம். ஆர்ட்டிகிள் இல்லாத மொழிக்காரங்க "எ", "தி" ரெண்டையும் விட்டுடுவாங்க, நாமளும் அதுல சேத்தி. கிளாஸ்ல உக்காந்திருக்கறவங்களோட மொழி தெரிஞ்ச டீச்சருக்கு எந்த இடத்துல பள்ளம் இருக்குன்னு முன்கூட்டியே தெரியும், அதுக்குத் தயாராவும் வருவாங்க.

இப்ப கிளாஸ்ரூம் திறமைகளுக்கு வருவோம். அறிவு இருந்தும் கிளாஸ் ஓடாம போறது இங்கதான்.

"புரிஞ்சுதா?" அப்படிங்கற கேள்வியை எடுத்துக்கோங்க. எல்லாரும் தலையாட்டுவாங்க, புரிஞ்சவங்களும் ஆட்டுவாங்க, புரியாதவங்களும் ஆட்டுவாங்க, டீச்சருக்கு அதுல இருந்து ஒரு தகவலும் கிடைக்காது. அதுக்கு பதிலா அந்த "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" வாக்கியத்தை போர்டுல எழுதிட்டு, "சாவி இப்ப அவர் கையில இருக்கா?", "எப்ப தொலைஞ்சதுன்னு இதுல சொல்லியிருக்கா?", "அவரால இப்ப கதவைத் திறக்க முடியுமா?"னு மூணு சின்னக் கேள்வி கேட்டா, யாருக்குப் புரிஞ்சிருக்கு யாருக்குப் புரியலன்னு அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும். இதை கான்செப்ட் செக்கிங் கேள்விகள்னு சொல்வாங்க. ரெண்டு விஷயம் கவனிக்கணும், பதில் ரொம்ப சின்னதா இருக்கணும், கேள்விக்குள்ள அந்த கிராமரையே திரும்ப போடக் கூடாது. இதை கிளாஸ்ல நின்னுகிட்டு யோசிக்க முடியாது, முந்தின நாளே நோட்டுல எழுதி வெச்சுக்கணும்.

இன்ஸ்ட்ரக்ஷன் கொடுக்கறதும் அப்படித்தான், பாக்க சின்ன விஷயமா தெரியும். முதல்ல ஒர்க்‌ஷீட்டைக் கொடுத்துட்டு அப்புறம் என்ன பண்ணணும்னு விளக்கினா எல்லார் கண்ணும் பேப்பர்லதான் இருக்கும், டீச்சர் பேசறது காத்துல போகும். முதல்ல சொல்லணும், ஒரு ஸ்டூடன்ட்டோட சேந்து செஞ்சு காட்டணும், "தனியா பண்ணணுமா ஜோடியா பண்ணணுமா, எழுதணுமா பேசணுமா"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாத்துட்டு அதுக்கப்புறம் பேப்பரைக் கொடுக்கணும்.

கேள்வி கேட்டுட்டு காத்திருக்கறது இன்னொரு திறமை. 1970கள்ல மேரி பட் ரோ அப்படிங்கற கல்வி ஆராய்ச்சியாளர் அமெரிக்க சயின்ஸ் கிளாஸ்களை பதிவு பண்ணிப் பாத்தாங்க, டீச்சர்கள் கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரே ஒரு செகண்ட்தான் காத்திருந்தாங்க. அதை மூணு செகண்டுக்கு மேல கொண்டு போனதும் பதில்கள் நீளமாச்சு, பதிலே வராம போறது குறைஞ்சுது, தானா முன்வந்து பேசறவங்க அதிகமானாங்க. அது சொந்த மொழியில நடந்த கிளாஸ்! இன்னொரு மொழியில கேள்வியைப் புரிஞ்சுகிட்டு, பதிலை யோசிச்சு, அதுக்கு வார்த்தை தேடி, கிராமர் பாத்து வாயைத் திறக்கற ஸ்டூடன்ட்டுக்கு எவ்ளோ நேரம் வேணும்னு யோசிங்க. அந்த அமைதி டீச்சருக்கு சங்கடமாதான் இருக்கும், இருந்தாலும் வாயைத் திறக்காம நிக்கணும்.

தப்பைத் திருத்தறதைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். ஸ்டூடன்ட் "ஹி கோ டு ஸ்கூல்"னு சொன்னா பல டீச்சர்கள் இயல்பா "ஓ, ஹி கோஸ் டு ஸ்கூல், குட்"னு சரியா திருப்பிச் சொல்லிட்டுப் போயிடுவாங்க, இதுக்கு ரீகாஸ்ட்னு பேர். மென்மையா இருக்கு, பேச்சு தடைபடல, ஆனா ஒரு சிக்கல் இருக்கு. 1997ல ராய் லிஸ்டர், லெய்லா ரான்ட்டாங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கனடாவுல ஃபிரெஞ்ச் மூலமா பாடம் நடக்கற கிளாஸ்களைப் பாத்ததுல டீச்சர்கள் கொடுத்த திருத்தங்கள்ல பாதிக்கு மேல ரீகாஸ்ட்தான், ஆனா ஸ்டூடன்ட்ஸ்கிட்ட இருந்து ரொம்பக் கம்மியா எதிர்வினை வந்ததும் அதுக்குத்தான். ஸ்டூடன்ட் காதுக்கு அது திருத்தமாவே படாம "நான் சொன்னதை ஏத்துக்கிட்டாங்க"ன்னு தோணியிருக்கலாம். "ஹி...?"ன்னு இழுத்து நிறுத்தி அவங்களையே முடிக்க வெச்சாலோ, கடைசியில என்ன வரணும்னு ஒரு சின்ன குறிப்பு கொடுத்தாலோ அவங்களே யோசிச்சு சரி பண்றது அதிகமா நடந்துது. எனக்கு இது சரின்னுதான் படுது, ஆனா எப்பவுமே நிறுத்தித் திருத்தணும்னு அர்த்தம் இல்ல. கிராமர் பயிற்சி நடக்கும்போது அங்கயே திருத்தலாம். ஒரு பொண்ணு தைரியத்தை வரவழைச்சுகிட்டு தன் பாட்டியைப் பத்தி அஞ்சு வாக்கியம் பேசிட்டு இருக்கும்போது நடுவுல புகுந்து டென்ஸ் திருத்தினா அவ அடுத்த தடவை வாயைத் திறக்க மாட்டா. அங்க ஒரு துண்டுப் பேப்பர்ல குறிச்சு வெச்சுகிட்டு, கடைசியில யாரோடதுன்னு பேர் சொல்லாம நாலு வாக்கியத்தை போர்டுல போட்டு எல்லாரையும் சேந்து திருத்தச் சொல்லலாம்.

இங்க வந்து சேர்ற விஷயம்தான் ரோல். டீச்சர்னா எப்பவும் போர்டு பக்கத்துல நின்னு பேசற ஆள்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு, நாம பள்ளிக்கூடத்துல வருஷக்கணக்கா பாத்தது அதைத்தானே. 1975ல சின்க்ளேர், கூல்தார்டுங்கற ரெண்டு மொழியியலாளர்கள் கிளாஸ்ரூம் பேச்சை ஆராய்ஞ்சு ஒரு அமைப்பைக் காட்டினாங்க, டீச்சர் கேக்கறாங்க, ஸ்டூடன்ட் பதில் சொல்றாங்க, டீச்சர் "கரெக்ட்"னோ "இல்ல"ன்னோ சொல்றாங்க, திரும்ப டீச்சர் கேக்கறாங்க. மூணு பங்குல ரெண்டு பங்கு டீச்சரோடது, மிச்ச ஒரு பங்கை மொத்த கிளாஸும் பிரிச்சுக்கணும். முப்பது பேர் இருக்கற நாப்பத்தஞ்சு நிமிஷ கிளாஸ்ல கணக்குப் போட்டா ஒருத்தருக்கு அரை நிமிஷம் தேறும். ஆனா பத்தே நிமிஷம் ஜோடியா பேச விட்டா ஒவ்வொருத்தரும் அஞ்சு நிமிஷம் பேசலாம். இது வெறும் கூட்டல் வகுத்தல் கணக்குதான், ஆனா டீச்சர் ஏன் ஒரே ரோல்ல நின்னுடக் கூடாதுங்கறதுக்கு இதை விட தெளிவான காரணம் எனக்குத் தெரியல.

அந்த சாவி பாடத்தையே எடுத்துகிட்டு ஒரு கிளாஸ் எப்படிப் போகும்னு பாருங்க. ஆரம்பத்துல டீச்சர் எல்லாரையும் தன் பக்கம் திருப்பி சூழ்நிலையை விளக்கறாங்க, உதாரணம் போடறாங்க, எல்லாரையும் சேந்து சொல்ல வெக்கறாங்க, இங்க அவங்க கன்ட்ரோலர், கிளாஸ் மொத்தமும் அவங்க கையில. அடுத்து ஜோடி பிரிக்கறாங்க, என்ன பண்ணணும்னு சொல்றாங்க, நேரம் கொடுக்கறாங்க, இது ஆர்கனைசர் வேலை. ஸ்டூடன்ட்ஸ் பேச ஆரம்பிச்சதும் டீச்சர் பின்வாங்கணும், நிறைய பேருக்கு கஷ்டமா இருக்கறது இந்த இடம்தான். சும்மா நிக்கற மாதிரி தோணும், சம்பளம் வாங்கிட்டு வேலை பாக்காத மாதிரி கூட தோணும். உண்மையில அப்பதான் அவங்க அப்சர்வர், யார் எந்த வாக்கியத்துல திணர்றாங்க, யார் பேசாம அடுத்தவங்களையே பேச விடறாங்கன்னு காதைக் கொடுத்துக் கேட்டு குறிச்சுக்கறாங்க. ஒருத்தர் வார்த்தை கிடைக்காம நின்னா முழு வாக்கியத்தையும் எடுத்துக் கொடுக்காம ஒரு வார்த்தை மட்டும் தூண்டிவிட்டா அது ப்ராம்ப்டர். "டீச்சர், இதுக்கு இங்கிலீஷ்ல என்ன"ன்னு கேட்டா சொல்ற நடமாடும் டிக்ஷனரி, அது ரிசோர்ஸ், அதுலயும் எல்லாத்தையும் சொல்லிடணும்னு இல்ல, "டிக்ஷனரியில தேடிப் பாரு, சேந்து பாப்போம்"னும் சொல்லலாம். ஆள் எண்ணிக்கை ஒத்தைப்படையா வந்து ஒருத்தர் தனியா நின்னா டீச்சர் அவரோட ஜோடியா உக்காந்து சமமா பேசறாங்க, அங்க பார்ட்டிசிபன்ட். கடைசியில குறிச்சதை வெச்சு ஃபீட்பேக் சொல்லும்போது அசெசர்.

ஒரே கிளாஸ்ல இத்தனை மாத்தம். இந்தப் பேர்களை மனப்பாடம் பண்றதால ஒண்ணும் ஆகப் போறதில்ல. எப்ப எதுல இருந்து எதுக்கு மாறணும்னு தெரியறதுதான் இந்த வேலையோட நடுப்புள்ளி, மத்த எல்லா அறிவும் அந்த முடிவை எடுக்கத்தான் உதவுது. ஜோடிகள் நல்லா பேசிட்டு இருக்கும்போது கன்ட்ரோலரா நடுவுல புகுந்தா பேச்சு செத்துடும், இன்ஸ்ட்ரக்ஷன் கொடுக்க வேண்டிய நேரத்துல ஃப்ரெண்டு மாதிரி ஒதுங்கி நின்னா கிளாஸ் சிதறிடும்.

எந்த மெத்தட் பெஸ்ட்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. 1979ல இருந்து 1984 வரைக்கும் பெங்களூர் ப்ராஜெக்ட் மூலமா டாஸ்க் வெச்சு, அதாவது ஸ்டூடன்ட்ஸ் செஞ்சு முடிக்கற வேலைகளைக் கொடுத்து, இங்கிலீஷ் கத்துக் கொடுக்கற முறையை முயற்சி பண்ணின இந்திய மொழிக்கல்வி அறிஞர் என்.எஸ்.பிரபு, 1990ல எழுதின கட்டுரையில பெஸ்ட் மெத்தட்னு ஒண்ணு இல்லன்னே வாதம் பண்ணினார். தான் பண்றது ஏன் வேலை செய்யுதுங்கற ஒரு புரிதல் டீச்சருக்குள்ள உயிரோட இருக்கணும், இயந்திரத்தனமா ஒரு மெத்தடை ஓட்டறதுதான் உண்மையான ஆபத்துங்கறது அவர் பக்கம். ஒரு மெத்தடையே வேதமா பிடிச்சுக்கறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தாய்மொழியை கிளாஸ்ல பேசலாமா? பேசலாம், தேவைக்கு. ஆரம்ப லெவல்ல ஒரு சிக்கலான இன்ஸ்ட்ரக்ஷனை ஒரே வரியில தாய்மொழியில சொல்லிட்டு அந்த மிச்ச நேரத்தை இங்கிலீஷ் பேச வெக்கறது புத்திசாலித்தனம்தான். பாடத்தை முழுக்க மொழிபெயர்த்தே ஓட்டினா மட்டும் பிரச்சனை, ஏன்னா கேக்க இங்கிலீஷே இருக்காது.

இன்னொரு கவலையும் நிறைய பேருக்கு இருக்கு, "என் ஆக்சென்ட் வெள்ளைக்காரங்க மாதிரி இல்லையே, நான் எப்படி இங்கிலீஷ் டீச்சர் ஆகறது"ன்னு. நேட்டிவ் ஸ்பீக்கர், அதாவது இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவங்கதான் சிறந்த டீச்சர்ங்கற நம்பிக்கையே ஆதாரம் இல்லாததுன்னு 1992ல ராபர்ட் ஃபிலிப்சன்ங்கற மொழியியலாளர் எழுதினார். தானே நேட்டிவ் ஸ்பீக்கர் இல்லாத ஹங்கேரி நாட்டு பேராசிரியர் பீட்டர் மெட்ஜெஸ் இன்னும் ஒரு படி மேல போய், மொழியைக் கத்துகிட்டு வந்த டீச்சருக்கு சில பலம் கூடுதலாவே இருக்குன்னு சொன்னார், எங்க கஷ்டம் வரும்னு முன்னாடியே தெரியும், கத்துக்கற வழிகளைச் சொல்லிக் கொடுக்க முடியும், ஸ்டூடன்ட்டுக்கு எட்டக்கூடிய ஒரு உதாரணமா நிக்க முடியும். ஆனா அதுக்காக சொந்த இங்கிலீஷை வளக்கறதை நிறுத்திடலாம்னு இல்ல. தெளிவா புரியற மாதிரி பேசணும், நிறைய படிக்கணும், சந்தேகம் வந்தா டிக்ஷனரியில ஸ்ட்ரெஸ் எங்க விழுதுன்னு பாத்துட்டுதான் கிளாஸுக்குப் போகணும்.

இதெல்லாம் எப்படிக் கத்துக்கறதுன்னா, செல்டா (CELTA, கேம்பிரிட்ஜ் கொடுக்கற இங்கிலீஷ் டீச்சிங் சர்டிஃபிகேட்) மாதிரி கோர்ஸ்கள் இருக்கு, அதுல சுமார் 120 மணி நேரப் பயிற்சியில ஆறு மணி நேரம் உண்மையான ஸ்டூடன்ட்ஸுக்கு கிளாஸ் எடுக்கணும், பயிற்சியாளர் பின்னாடி உக்காந்து குறிப்பெடுப்பார், அனுபவமுள்ள டீச்சர்களோட கிளாஸையும் உக்காந்து பாக்கணும். கோர்ஸ் சேர முடியாதவங்களும் பாதியை சொந்தமாவே பண்ணலாம். சீனியர் டீச்சரோட கிளாஸ்ல அனுமதி வாங்கி பின் வரிசையில உக்காந்து, அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதாம, எப்ப பேச்சை நிறுத்தினாங்க, எப்ப நகந்தாங்க, யாரோட தப்பை விட்டாங்க, யாரோடதைப் பிடிச்சாங்கன்னு மட்டும் எழுதுங்க. உங்க கிளாஸை ஃபோன்ல ஆடியோவா பதிவு பண்ணுங்க, முதல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு. கேக்கும்போது எல்லாத்தையும் ஒரே நேரத்துல கவனிக்காதீங்க, முதல் தடவை கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல எத்தனை செகண்ட் விட்டீங்கன்னு மட்டும் பாருங்க, ரெண்டாவது தடவை "புரிஞ்சுதா"ன்னு எத்தனை தடவை கேட்டிருக்கீங்கன்னு எண்ணுங்க, அதுல ஒரு இடத்தை எடுத்து அங்க என்ன கேள்வி கேட்டிருக்கலாம்னு அடுத்த கிளாஸோட லெசன் பிளான்ல எழுதுங்க.